ஏற்காட்டில் சீமை அத்தி: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

என் முதல் சீமை அத்திக் கன்றுக்கு நான் கம்பளி போர்த்தினேன். சிரிக்க வேண்டாம். குளிர்ப் பிரதேசத்தில் அத்தி வளர்ப்பதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டு, மார்கழி பிறந்ததும் கோணிப்பையைச் சுற்றி, அதன்மேல் பழைய கம்பளியைக் கட்டி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கவிழ்த்தேன். பக்கத்து எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்க வரும் அக்கா ஒருவர் வேலியோரம் நின்று இதைப் பார்த்தார். "அதுக்குக் குளிரலைங்க சார். அடியில தண்ணி நிக்குது, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தை மாதம் கம்பளியை அவிழ்த்தால் உள்ளே கறுத்த குச்சிதான் இருந்தது. மண்ணைத் தோண்டினேன், வேர் குழைந்து போய், சாக்கடை வாடை அடித்தது.

அன்றிலிருந்து எந்த மரம் நோஞ்சானாகத் தெரிந்தாலும் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குளிர்ப் பிரதேசக் குறிப்புகள் உறைபனியை மனதில் வைத்து எழுதியவை. இலை உதிர்த்து உறங்கும் வளர்ந்த அத்தி, மைனஸ் 8 டிகிரி வரைகூடத் தாங்கும். நாம் இருப்பது 1,500 மீட்டர் உயரம் என்றாலும் ஊட்டி மாதிரி வெள்ளைப் பனி இங்கே விழுவதில்லை. நம் மரத்தைப் படுத்துவது ஜூனில் தொடங்கி நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழை, நண்பகல் நெருங்கும்வரை விலகாத மூட்டம், சில்வர் ஓக் நிழல், புளிப்பு ஏறிய செம்மண். கோடை முழுக்க மழையே பார்க்காத மத்தியதரைக்கடல் ஓரத்து மரம் இது. அதை ஆடி மூட்டத்தில் நனைய விட்டிருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஓடைக்கரையில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு மரம். "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்பது அதற்குச் சொன்னது. அதற்கென்று ஒரு சின்னக் குளவி உண்டு, அது உள்ளே போனால்தான் பழம். நாம் வளர்க்கும் புனே, பிரவுன் டர்க்கி, டயானா ரகங்களுக்குக் குளவியே வேண்டாம், தானாகவே பழுக்கும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த வகைக்குத்தான்.

மருந்துக்கடைக்கு ஓடுமுன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, தண்ணீர் வடிகிறதா. மரத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீரால் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் குழியில் வானம் தெரிந்தால், நீங்கள் நட்டிருப்பது தோட்டத்தில் அல்ல, குட்டையில்.

இரண்டு, வெயில். "எங்க தோட்டத்தில் நல்ல வெயில்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து எண்ணினேன். மூட்டம் விலக 10.30 ஆனது, மூன்று மணிக்கெல்லாம் சில்வர் ஓக் நிழல் வந்துவிட்டது. மொத்தம் நாலரை மணி நேரம். அத்திக்கு ஆறு வேண்டும், எட்டு இருந்தால் கொண்டாட்டம். காப்பிக்கும் மிளகுக்கும் அமிர்தமாக இருக்கிற நிழல் அத்திக்குப் பட்டினி.

மூன்று, எந்த இலை வாடுகிறது. அடி இலையா, கொழுந்தா, எல்லாமேயா? இதைக் குறித்துக்கொண்டு கீழே படியுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அடி இலை முழுதாக மஞ்சளாகிப் பொத்தென்று விழுகிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. இதற்கு உரம் போட்டால் சாகும் வேகம்தான் கூடும். தண்ணீரை நிறுத்துங்கள். தரையில் இருக்கும் மரமென்றால் சரிவின் மேல்பக்கம் அரைவட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். இன்னும் சின்னக் கன்றுதான் என்றால் தூக்கிவிடுவதே உத்தமம்: ஒன்றரை அடி உயரம், நாலடி அகலத்துக்கு மேடு போட்டு அதன் உச்சியில் நடுங்கள். நான் இப்போது மேட்டில் அல்லாமல் எதையும் நடுவதில்லை.

தொட்டி என்றால் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விறைப்பாக இருந்தால் பிழைக்கும். விரலால் இழுத்ததும் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் நூல் மாதிரி நின்றால் அழுகல். அழுகியதை வெள்ளை தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, மேலே கிளையையும் பாதியாகக் குறைத்து, புது மண்ணில் வையுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கொரமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் போதும். தேங்காய் நார்க்கழிவு சேலத்து மொட்டைமாடிக்கு நல்லது. மலைமேல் அதைத் தொட வேண்டாம், ஆடி மாதம் முழுக்க நனைந்த பஞ்சாக இருக்கும். தொட்டியை மூன்று செங்கல் துண்டின் மேல் ஏற்றி வைத்தால் அடி ஓட்டை அடைபடாது.

அடி இலையிலேயே நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகிறது என்றால் மெக்னீசியம் குறைவு. மழை அதிகம் கழுவும் புளிப்பு மண்ணில் இது சகஜம். சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் முழுக்க மெக்னீசியம்தான், நம் மரத்துக்கு ஒரு ஸ்பூன் கிடைக்கவில்லை! எப்சம் உப்பை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை இலையில் தெளித்தால் புது மஞ்சள் நிற்கும். பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். நிரந்தரத் தீர்வு டோலமைட் தூள். அதில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கும். மழைக்கு முன் மரத்துக்குக் கால் கிலோ, கிளை விரிந்த அளவுக்குத் தூவிக் கொத்திவிடுகிறேன். அதோடு அன்றே சாணியுரமோ யூரியாவோ போடாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். மண்ணின் புளிப்பு எவ்வளவு என்று அளந்துவிட்டுப் போடுவதே முறை. அத்திக்கு அளவு 6 முதல் 7.5-க்குள் இருக்க வேண்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் திட்டுத்திட்டாக, வரம்பில்லாமல், வரைபடம் போல விழுந்திருக்கிறது, கொழுந்து இலையும் கோணலாக வருகிறது என்றால் தேமல் நோய். வைரஸ். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் பரப்பும், குச்சியோடும் கூடவே வரும். மருந்து கிடையாது. அதற்காக மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் தேமலோடேயே பல வருடம் காய்க்கும். ஆனால் அந்த மரத்திலிருந்து யாருக்கும் குச்சி வெட்டிக் கொடுக்காதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. சேலத்தில் ஒரு நர்சரியில் "இது இந்த ரகத்தோட டிசைன் சார்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள், நானும் நம்பி 20 வளைவு ஏற்றிக் கொண்டுவந்தேன்.

கீழிருந்து கொண்டுவந்த ஒரு வாரத்தில் எல்லா இலையும் தொங்கி மஞ்சளானால் பயப்பட வேண்டாம். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்து வெக்கையிலிருந்து ஒரே மணி நேரத்தில் மலைக்கு ஏற்றியிருக்கிறோம். சாயங்காலம் பனி படாத திண்ணையில் பத்து நாள் வைத்துப் பிறகு வெளியே விடுங்கள். கவரைக் கிழிக்கும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் நாலு பக்கமும் கத்தியால் கீறிவிட்டு நடுங்கள்.

இலையின் அடியில் காப்பிப்பொடி தூவியது போல்

இதுதான் நம் மலையில் அத்தியின் முதல் எதிரி. மேலே சின்னச்சின்ன மஞ்சள் புள்ளி. இலையைத் திருப்பினால் பழுப்புக் கொப்புளம். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். ஒட்டினால் துரு நோய், ஒட்டாவிட்டால் வேறு எதுவோ. சோதனை அவ்வளவுதான்.

காப்பிக்காரர்களுக்குத் துரு என்றதும் வயிறு கலங்கும். காப்பித் துருவும் அத்தித் துருவும் வேறுவேறு பூஞ்சை, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவாது. பழக்கம் மட்டும் ஒன்றுதான்: இலை நனைந்தே இருந்தால் இரண்டுக்கும் திருவிழா. ஆவணியில் நாலு இலையில் பார்த்தேன், புரட்டாசி நடுவில் மரமே மொட்டை. இலை கொட்டியதும் மரம் அவசரப்பட்டுப் புதுக் கொழுந்து விடும், அதையும் துரு தின்னும். இரண்டு முறை இப்படி நடந்தால் அந்த வருடக் காயை மறந்துவிட வேண்டியதுதான்.

வந்த துருவைத் தெளித்துப் போக்க முடியாது. வருமுன் தடுக்கலாம். அதற்குக் காப்பித் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த போர்டோ கலவையே போதும். வீட்டுக்கு 10 லிட்டர் கலக்கும் கணக்கு: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்பு வாளி ஆகாது. இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட கல் சுண்ணாம்பை நீற்றி 5 லிட்டர் ஆக்கி வடிகட்டுங்கள். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள், வானநீலம் வரும். பளபளப்பான ஒரு பழைய பிளேடை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். பிளேடில் செம்புச் சிவப்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்துப் பிளேடு பளபளப்பாகவே வரும்வரை பாருங்கள். கலக்கிய அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். பழம் தொங்கும்போது தெளிக்கக் கூடாது.

நான் மே கடைசியில் ஒன்று, மழை கொஞ்சம் இடைவெளி விடும் ஆவணியில் ஒன்று, கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டியதற்கு, பின் வரும் கொழுந்துக்கு ஒன்று என்று மூன்று முறை தெளிக்கிறேன். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் தெளித்ததே வீண்.

தெளிப்பதைவிட முக்கியமானது பெருக்குவது. விழுந்த துரு இலை மரத்தடியில் கிடந்தால் அடுத்த மழைக்கு அங்கிருந்தே கிளம்பும். கூட்டிக் கொளுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அப்புறம் மரத்தின் நடுவில் குறுக்கே போகும் கிளைகளை எடுத்துக் காற்று புகும்படி வையுங்கள். கிண்ணம் மாதிரி, நடு காலியாக.

மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது

கவாத்து செய்யாத மரத்தில் இது இயல்பு. அத்தி இலையுதிர்க்கும் சாதி. நம் குளிரில் அது முழுதாகவும் உறங்காது, முழுதாகவும் விழித்திருக்காது. நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

மரம் தளதளவென்று இருக்கிறது, காயைக் காணோம்

முதல் கேள்வி: கன்று எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைக்க வைத்தது என்றால் காத்திருப்பது வீண். முளைக்கிற விதை உள்ள பழம் குளவி பட்டுப் பழுத்த ரகம். அதன் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி ஆண் அத்தி. மிச்சத்திலும் பலவற்றுக்கு அந்தக் குளவி வேண்டும், அது நம் பக்கத்தில் இல்லை. நாட்டு அத்திக் குளவி இதற்கு ஆகாது. வெட்டிவிட்டு நல்ல மரத்துக் குச்சி ஒன்று வாங்கி நடுங்கள். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், நாலு கணு.

குச்சிக் கன்றுதான், மூன்று வயதும் ஆகிவிட்டது என்றால் மேலே சொன்ன வெயில் கணக்கைப் பாருங்கள். வெயிலும் சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் தீனி அதிகம். கோழி எருவைக் கூடை கூடையாகக் கொட்டியிருப்பீர்கள். இலை சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், கணுவுக்குக் கணு அரை அடி இடைவெளி இருக்கும், காய் இருக்காது. ஒரு வருடம் எருவை நிறுத்திவிட்டு, விறகடுப்புச் சாம்பல் இருந்தால் இரண்டு கை தூவுங்கள். அப்புறம் புதுக்கிளை ஐந்தாறு இலை விட்டதும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இரண்டு மூன்று வாரத்தில் இலைக்காம்பின் கக்கத்தில் மிளகு அளவு மொட்டுத் தெரியும். பூவைத் தேட வேண்டாம், அந்த மொட்டுக்குள்ளேதான் பூ முழுக்க இருக்கிறது. அத்தி பூத்தாற்போல என்று சும்மாவா சொன்னார்கள்.

பட்டாணி அளவில் காய் உதிர்கிறது

முதல் இரண்டு வருடம் உதிரட்டும், வேர் பிடிக்கிற வயது. பெரிய மரம் உதிர்த்தால் மண் ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் ஊறியும் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

காய் அப்படியே நிற்கிறது, பழுக்கவே இல்லை

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இது. "எலுமிச்சை அளவு வந்துடுச்சுண்ணா, ரெண்டு மாசமா கல்லு மாதிரி நிக்குது" என்று நாகலூர்த் தம்பி ஒருவர் தையில் ஆரம்பித்து வாரம் ஒருமுறை போன் செய்வார்.

அத்திக்காய் ஒரே சீராக வளராது. முதல் ஐந்தாறு வாரம் மளமளவென்று பெருக்கும். பிறகு நின்றுவிடும்: அளவும் மாறாது, நிறமும் மாறாது. கடைசி ஒரு வாரத்தில் திடீரென்று இரண்டு மடங்காக ஊதி, நிறம் மாறி, தலை தொங்கும். இந்த நடு உறக்கம் வெப்பத்தைப் பொறுத்தது. சேலத்து மாடியில் மூன்று நாலு வாரம் என்றால் இங்கே தையும் மாசியும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆக முதல் மருந்து பொறுமை. பங்குனி வெயில் அடித்ததும் நகரும்.

பறித்து அரிசிப் பானையில் போட்டால் பழுக்குமா என்று கேட்காதவர்கள் இல்லை. வாழையும் மாவும் பழுக்கும். இது பழுக்காது. பறித்த நொடியோடு அத்தியின் இனிப்பு நின்றுவிடும். அப்புறம் மெத்தென்று ஆகலாம், இனிக்காது.

ஆனால் எந்த மாதத்துக் காய் நிற்கிறது என்று பாருங்கள். இங்கேதான் நானே இரண்டு வருடம் வீணாக்கினேன். புத்தகம் சொன்னபடி, குளிர் முடியும் தையில் கவாத்து செய்தேன். கவாத்திலிருந்து பழத்துக்கு நம் மலையில் ஐந்து மாதமாவது ஆகும். தையோடு ஐந்தைக் கூட்டுங்கள்: ஆனி. சரியாகத் தென்மேற்கு மழை இறங்கும்போது பழம் ஊதுகிறது! பாதி கல்லாக நின்றது, மீதி புளித்துப் போனது. அந்த மாதிரி மழைக்குள் மாட்டிய காயைக் காப்பாற்ற வழி கிடையாது, கிள்ளி எறிந்துவிடுங்கள்.

இப்போது புரட்டாசி கடைசியில், வடகிழக்கு மழை பிடிக்குமுன் கிடைக்கும் நாலு காய்ந்த நாளில் வெட்டுகிறேன். ஒவ்வொரு கிளையிலும் மூன்று நாலு கணு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக. வெட்டிய முகத்தில் போர்டோ பசை: மேலே சொன்ன அதே 100 கிராமுக்கு 100 கிராம், தண்ணீர் மட்டும் மொத்தம் ஒரு லிட்டர். கார்த்திகையில் கொழுந்து, மார்கழியில் காய், பங்குனி சித்திரையில் பழம். மகாராஷ்டிரத்தில் புனே பக்கத்துக்காரர்கள் கோடைப் பழத்துக்கு மழை ஓயும் பருவத்தில் வெட்டுவதும் இதே கணக்கில்தான்.

வெப்பம் கூட்டக் கையில் இருக்கிற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு அல்லது மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்ட என் மரம், நடுத்தோட்டத்து மரத்துக்கு இரண்டு வாரம் முந்துகிறது. தொட்டி என்றால் சிமெண்டுத் தளத்தில் வையுங்கள், புல்லில் வேண்டாம்.

எண்ணெய் வைத்தியம் பழைய வித்தை, வேலையும் செய்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் நல்லெண்ணெய் தொட்டுக் காயின் அடி வாயில் ஒரு சொட்டு மட்டும் தடவுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பழுக்கும். எப்போது தடவுவது என்பதுதான் நுட்பம். வாயைச் சுற்றிப் பச்சை மங்கி லேசாகச் சிவப்போ மஞ்சளோ தட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் தடவினால் காய் ஊதும், நிறம் மாறும், வாயில் போட்டால் பஞ்சு. ஒரு கிளையில் அடிக்காய்தான் மூத்தது. அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே போங்கள்.

பழம் வெடிக்கிறது, வாயில் நுரை, புளித்த வாடை

வெடிப்பு கோடை மழையால். காப்பி பூக்கக் காத்திருக்கும் சித்திரை மழையை எஸ்டேட்டில் கொண்டாடுவார்கள். அன்று நான் குடையோடு அத்தி மரத்தடியில் நிற்பேன். காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் இறங்கினால் தோல் விரியும் வேகத்துக்குச் சதை காத்திருக்காது. காயும் காலத்தில் மண்ணை முழுக்கக் காயவிடாமல் வாரம் இருமுறை அளவாகத் தண்ணீர், மேலே காப்பித் தோலோ சருகோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். மழை வருவது போல் இருந்தால் முக்கால் பழுத்ததையும் பறித்துவிடுங்கள்.

நுரையும் புளித்த வாடையும் என்றால் வாய் வழியாகச் சின்ன வண்டும் பழ ஈயும் உள்ளே போய் ஈஸ்டை விட்டுவந்திருக்கின்றன. அந்தப் பழத்தைப் பறித்துத் தூரப் புதையுங்கள், மரத்தடியில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. தேன் போல் தெளிந்த சொட்டு வாயில் நின்றால் அது நோய் அல்ல, நல்ல பழுப்பின் அடையாளம். கலங்கலும் நுரையும்தான் கெட்டது.

பழுத்தது, ஆனால் சப்பென்று இருக்கிறது

அவசரப்பட்டுப் பறித்திருப்பீர்கள். காம்பில் பால் வடிந்தால் அது இன்னும் காய். கழுத்து வளைந்து, தொட்டால் காது மடல் மாதிரி இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் சப்பென்றால் பறிக்குமுன் ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள்.

தண்டில் ஓட்டை, அடியில் மரத்தூள்

சேலத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாமரத்தைக் குடையும் அதே நீள மீசை வண்டின் புழு அத்தியையும் குடையும். ஒருநாள் காலை தண்டின் அடியில் ரம்பத்தூள் மாதிரி ஈரமான தூள் ஒரு கைப்பிடி கிடந்தது. அன்று விட்டிருந்தால் மரம் போயிருக்கும்.

சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துக்கொண்டேன். ஓட்டையைச் சுற்றிய பட்டையைக் கத்தியால் சுத்தம் செய்து கம்பியை மெல்ல விட்டால் அரை அடிக்கு மேல் போனது. மெத்தென்று தட்டுப்பட்ட இடத்தில் திருகி இழுத்தேன். கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பு, வெளிச்சத்தைக் கண்டு மெதுவாகச் சுருங்கியது. எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி அன்று மதியம் சாப்பிடவில்லை.

புழு வராவிட்டால் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ நனைத்த பஞ்சை உள்ளே தள்ளி, ஓட்டையைக் களிமண்ணால் மெழுகிவிடுங்கள். ஒரு வாரத்தில் புதுத்தூள் வந்தால் மறுபடி. வராமல் தடுக்க மரத்தடியைச் சுத்தமாக வைத்து, வருடம் இருமுறை தண்டில் மூன்றடி உயரத்துக்குப் போர்டோ பசை பூசுகிறேன். பட்டை வெடிக்காமலும் இருக்கிறது.

வெள்ளை மாவு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது: தண்டைச் சுற்றிப் பாலிதீன் பட்டை கட்டி அதில் கிரீஸ் தடவுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிட்டிகை சோப்புத்தூள், சாயங்காலத் தெளிப்பு.

எல்லாம் சரி, ஆனாலும் மரம் தேறவில்லை

வெயில், வடிகால், எரு எதிலும் குறை இல்லை, இலை மட்டும் மதியம் தொங்குகிறது என்றால் ஓரத்தில் தோண்டி மெல்லிய வேர் ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். மணி கோத்தது போல முடிச்சு இருந்தால் நூற்புழு. அத்திக்கு இது பரம எதிரி. முழுதாக ஒழிக்க முடிந்தவரை நான் பார்த்ததில்லை. மரத்துக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கை மழைக்கு முன் கொத்திவிட்டு, சுற்றிலும் துலுக்கச் சாமந்தி நட்டு, மக்கிய எருவைக் கூட்டினால் மரம் சமாளித்துக்கொள்கிறது. தக்காளியும் கத்திரியும் போட்ட பாத்தியில் அத்தியை நட வேண்டாம், முடிச்சு அங்கேதான் பெருகியிருக்கும். நாட்டு அத்தி வேரின்மேல் ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் வாங்குங்கள், அந்த வேரில் நூற்புழு அவ்வளவாக ஏறாது.

கவாத்துக்கு அப்புறம் கையில் கொப்புளம்

இது மரத்தின் கோளாறு இல்லை, உங்களுடையது. அத்திப்பால் தோலில் பட்டு அதன்மேல் வெயில் படும்போது எரிந்து கொப்பளிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொண்டு மூட்டமான காலையில் வெட்டுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழுத்த பழம் காலையில் காணோம்

காம்போடு சுத்தமாகப் போயிருந்தால் குரங்கு. பாதி தின்று தொங்கினால் குக்குறுவானோ கொண்டைக்குருவியோ. ராத்திரியோடு போய், தின்று துப்பிய சக்கை வாசற்படியில் கிடந்தால் வௌவால்.

பறவைக்கும் வௌவாலுக்கும் பை போதும். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பைகளை மாட்டிப் பார்த்தேன். துணி பனியை உறிஞ்சி உள்ளே பழம் பூத்துப்போனது. கொசுவலைத் துணியில் தைத்த, சுருக்குக் கயிறு போட்ட சின்னப் பைதான் சரி. காற்று போகும், வண்டும் நுழையாது. காய் நிறம் மாறத் தொடங்கும் அன்று மாட்டி, காம்புக்கு மேலே கிளையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

குரங்குக்கு என்னிடம் வழி இல்லை. பையைக் கட்டினால் அவிழ்க்கத் தெரிகிறது. சுருக்குக் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டேன், பையையே கிழித்தது. இப்போது கூட்டம் ஒண்டிக்கடைப் பக்கம் சுற்றுலாக்காரர்களிடம் சோளம் பிடுங்கப் போகும் சனி, ஞாயிறு பார்த்துப் பறித்துக்கொள்கிறேன். மற்ற நாளில் விடிவதற்கு முன் எழுந்து டார்ச் அடித்துக் கழுத்துத் தொங்கியதை எல்லாம் எடுத்துவிடுகிறேன். ஆறரைக்கு அவை மதில்மேல் வந்து உட்காரும்போது மரத்தில் கல்லுக் காய் மட்டும்தான் இருக்கும்.